திருத்தணிச் சீமையில் பெண்களின் சுரப்புக் கோளாறு

திருத்தணி வட்டாரத்தில் பெண் பூப்படைவது வீட்டோடு நிற்கும் செய்தியாக இருந்ததில்லை. தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டினார். பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்தார்கள். நாள் பார்த்து மஞ்சள் நீராட்டு நடந்தது. சடங்கு மருத்துவத்துக்காக ஏற்பட்டதில்லை. ஆனாலும் மூளையடிச் சுரப்பியும் சூலகமும் இசைந்து இயங்கத் தொடங்கிவிட்டதை அது சுற்றம் முழுவதற்கும் அறிவித்தது. கூட விளையாடியவர்களுக்கெல்லாம் சடங்கு முடிந்து ஒருத்திக்கு மட்டும் முடியாமல் நின்றால் அதையும் ஊர் கவனித்தது. 15 வயதாகியும் பூப்பெய்தாத பெண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவ விதி. பழைய ஊருக்குக் கவனிக்கத் தெரிந்தது. அதற்கு மேல் வழி தெரியவில்லை. அவளை ‘இருசி’ என்றது, பிள்ளை பெறாதவளை ‘மலடி’ என்றது, அத்தோடு விட்டது. இருசி எனப்பட்டவர்களுள் சிலருக்கு இருந்திருக்கக்கூடிய குறையை அமெரிக்க மருத்துவர் ஹென்றி டர்னர் 1938இல்தான் விவரித்தார். அதற்குக் காரணம் ஒரு எக்ஸ் குரோமோசோம் இல்லாமைதான் என்று தெரிய 1959 ஆயிற்று.

அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் இருந்தவை வேண்டுதலும் நாட்டு மருந்தும். திருத்தணி மலைக்கோயிலின் சந்தனத்தை நெற்றியில் இடாமல் நீரில் கரைத்துக் குடித்தால் நோய் தீரும் என்ற நம்பிக்கை இன்றும் உண்டு. மாதவிலக்குக் கோளாறுக்குக் கழற்சிக்காயும் மலைவேம்பும் வழங்கின. சித்த மருத்துவர்கள் நாடி பார்த்தார்கள், உடலின் சூடு, பருமன், விலக்கின் அளவு ஆகியவற்றைக் கேட்டறிந்தார்கள். அடையாளங்களைக் கேட்டு வாங்குவதில் அது குறைந்த முறையன்று. ரத்தத்தில் ஓடும் சுரப்பை அளக்கத்தான் அந்தக் காலத்தில் உலகில் எவரிடமும் கருவி இல்லை.

பெண்களுக்கென்றே மருத்துவமனை முதலில் சென்னையிலும் பிறகு வேலூரிலும் வந்தது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் தோன்றியது. வெளியே வராத பெண்களுக்காக மேரி ஷார்லீப் 1885இல் தொடங்கிய கோஷா ஆஸ்பத்திரி, இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஆண் மருத்துவரிடம் காட்ட வீட்டார் மறுத்ததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் மாண்டதைத் திண்டிவனத்தில் கண்ட ஐடா ஸ்கடர், மருத்துவம் படித்துத் திரும்பி 1902இல் வேலூரில் பெண்கள் மருத்துவமனையையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் ஏற்படுத்தினார். திருத்தணி 1911 வரை வேலூரைப் போலவே வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. பிறகு சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்து, அதோடு ஆந்திரத்துக்குப் போய், எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960இல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. மாவட்டம் எதுவானாலும் கிழக்கே சென்னையும் மேற்கே வேலூருமே பெரிய வைத்தியத்துக்கான ஊர்கள்.

அந்த மருத்துவமனைகளிலும் தொடக்கத்தில் கவலையெல்லாம் தாய் பிழைப்பதைப் பற்றியே. ஹார்மோன் என்ற பெயரே 1905இல்தான் பிறந்தது. சூலகச் சுரப்பான ஈஸ்ட்ரோனை 1929இல் அமெரிக்காவில் டாய்சியும் ஜெர்மனியில் பூட்டனாண்டும் தனித்தனியே பிரித்தெடுத்தார்கள். அளப்பதற்கு உயிருள்ள விலங்குதான் கருவியாக இருந்தது. 1920களின் கடைசியில் பெர்லினில் அஷ்ஹைமும் சோண்டெக்கும் பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக்குச் செலுத்தி, சில நாள் கழித்து அதை அறுத்துச் சூலகத்தைப் பார்த்தார்கள். கர்ப்பம் உண்டா இல்லையா என்பதை இது சொன்னது. எவ்வளவு சுரப்பு என்பதைச் சரியாகச் சொல்லவில்லை. கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கையும் அளக்கும் கதிரியக்க முறையை நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1960இல் வெளியிட்டார்கள். யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்கு ஐந்தாண்டு முன்பே இறந்துவிட்டார். இன்று சிற்றூர் ரத்தப் பரிசோதனை நிலையம் கொடுக்கும் தைராய்டு அறிக்கை அந்த வழியில் வந்ததே.

சினைப்பை நீர்க்கட்டி எனப்படும் பி.சி.ஓ.எஸ். இன்று இளம்பெண்களிடையே அதிகம் பேசப்படும் கோளாறு. சிகாகோவின் ஸ்டைன், லெவென்தால் இருவரும் 1935இல் ஏழு பெண்களிடம் இதை விவரித்தார்கள்: விலக்கு தவறுதல், முகத்தில் முடி, பெருத்த சூலகம். சூலகத்தில் ஒரு துண்டை வெட்டியெடுப்பதே அப்போதைய சிகிச்சை. ஸ்கேனில் தெரிபவை உண்மையில் பாதி வளர்ந்து நின்றுவிட்ட சினைமுட்டைப் பைகள். அறுத்தெடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. 2003இல் ராட்டர்டாமில் வகுத்த விதிப்படி, விலக்கு ஒழுங்கின்மை, ஆண் சுரப்பு மிகுதி, ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். தைராய்டு போன்ற பிற காரணங்கள் இல்லை என்பதும் உறுதியாக வேண்டும். ஸ்கேனை மட்டும் பார்த்து அஞ்சுவது வீண். பருமனானவர்கள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே பலருக்கு விலக்கு சீராகிறது. அதற்கு மேல் தேவைப்படுவோருக்கு மெட்ஃபார்மின், விலக்கை ஒழுங்குபடுத்தும் மாத்திரை, பிள்ளை வேண்டுவோருக்கு லெட்ரோசோல்.

தமிழ்நாடு உலகுக்குச் சொல்லிக் கொடுத்த சோதனை ஒன்று உண்டு. கர்ப்பத்தில் நச்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்ப்பதால் சிலருக்குச் சர்க்கரை ஏறுகிறது. பழைய முறையில் கர்ப்பிணி வெறும் வயிற்றோடு வந்து பலமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். விடியலில் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவளைப் பட்டினியாக உட்கார வைப்பது நடக்கிற காரியமில்லை. சாப்பிட்டு வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும், அனுப்பினால் அவள் மறுபடி வருவது நிச்சயமில்லை. சென்னை மருத்துவர் வி. சேஷையா வழி கண்டார். சாப்பிட்டிருந்தாலும் 75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை ரத்தம் எடுப்பது. 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையை 2007இல் தமிழ்நாடு அரசு கட்டாயமாக்கியது. மத்திய அரசின் வழிகாட்டுதலும் பின்னர் இதை ஏற்றது. மருத்துவத்தின் தேவையைப் பஸ் நேரத்தோடு பொருத்திய இதைப் போன்ற கண்டுபிடிப்புகள் அதிகம் இல்லை.

தைராய்டு குறைவின் கதை இன்னும் முடியவில்லை. சோர்வு, எடை ஏற்றம், முடி உதிர்தல், மிகுந்த விலக்கு என்று வரும் இதை வயதின் மேலும் வேலையின் மேலும் பழி போட்டு விட்டுவிடுவது வழக்கம். டி.எஸ்.எச். என்ற ஒரு ரத்தச் சோதனை போதும். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராக்சின் மாத்திரை போதும். உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியை அழிக்கும் வகையை ஜப்பானின் ஹஷிமோட்டோ 1912இல் நான்கு பெண்களிடம் கண்டார். மற்றொரு காரணம் அயோடின் குறைவு. அதற்காக 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கென விற்பது 1997இல் தடைசெய்யப்பட்டு, 2000இல் தடை நீக்கப்பட்டு, 2006இல் மீண்டும் தடையானது. 2018–19 ஆய்வில் நாட்டில் 76.3 சதவீத வீடுகளில் போதிய அயோடின் உப்பு இருந்தது. கடைசி இடம் 61.9 சதவீதத்துடன் தமிழ்நாட்டுக்கு, அதற்கு முந்தைய இடம் 63.9 சதவீதத்துடன் ஆந்திரத்துக்கு. திருத்தணிக்கு இருபுறமும் உள்ள இந்த இரண்டும் உப்பு விளையும் மாநிலங்கள். அளத்துக் கல்லுப்பு நேரே சந்தைக்கு வந்துவிடுவது இதற்கு ஒரு காரணம். கல்லுப்பிலும் அயோடின் சேர்த்தது விற்கிறது. பொட்டலத்தில் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.