கருவேலம் பெயர் இழந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். "சார், கருவேலத்துக்கு அக்கேசியா நிலோட்டிகானு சொல்லிக் கொடுத்தீங்க. இப்ப வச்செல்லியா நிலோட்டிகானு போட்டிருக்கு. எதை எழுதுறது?" வச்செல்லியா என்றே எழுதப்பா என்றேன். "மரம் அதே மரம்தானே சார், பேரு எதுக்கு மாறுச்சு?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கான பதில் இரண்டாயிரம் ஆண்டு நீளம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் முள்ளைப் பற்றி ஒரு சிறு பாடம். எல்லா முள்ளும் ஒரே முள் இல்லை. கருவேலங்கிளையை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு இலையின் அடியிலும் இரண்டிரண்டாக, நேராக, வெளிறிய முட்கள் நிற்கும். அவை இலையடிச் செதில்கள் முள்ளாக மாறியவை. வெள்வேல், உடை என்கிற குடைவேல், மஞ்சள் பூ மணக்கும் கஸ்தூரிவேல் எல்லாவற்றிலும் இதே இரட்டை முள்தான். சீயக்காய்க் கொடியிலும் இண்டங்கொடியிலும் பார்த்தால் வேறு மாதிரி. தண்டின் மேல்தோலிலிருந்து கிளம்பிய கொக்கி முட்கள், ரோஜாவில் இருப்பதைப் போல. விடத்தலையில் இன்னொரு விதம்: குறுங்கிளையின் நுனியே கூர்ந்து முள்ளாகிவிடும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்குத் தேவைப்படும்.

கி.பி. முதல் நூற்றாண்டில் டயாஸ்கொரிடிஸ் என்ற கிரேக்க மருத்துவர் எகிப்து நாட்டு முள்மரம் ஒன்றை 'அகாகியா' என்று எழுதி வைத்தார். அது நம் கருவேலம்தான். எகிப்து முதல் இந்தியா வரை இயற்கையாகப் பரவியிருக்கும் மரம் அது. நிலோட்டிகா என்றாலே நைல் நதிக்குரியது என்று பொருள். ஆக, அக்கேசியா என்ற சொல் பிறந்ததே கருவேலத்தைப் பார்த்துத்தான்.

1753இல் லின்னேயஸ் தம் தாவர இனங்கள் நூலில் கருவேலத்தையும் தொட்டாற்சுருங்கியையும் மிமோசா என்ற ஒரே பேரினத்தில் போட்டார். சின்னச் சின்ன இலைகள், பஞ்சுருண்டை போன்ற பூ என்பதால் எல்லாம் ஒரு கூடைக்குள் போயின. அவ்வளவு பெரிய கூடையில் அவருக்கே தடுமாற்றம் வந்தது. நம் வன்னிக்கும் விடத்தலைக்கும், ஒரே நூலில் மூன்று பக்க இடைவெளியில், மிமோசா சினெரியா என்ற ஒரே பெயரை வைத்துவிட்டார். பிறகு வன்னியின் பெயரை சினெரேரியா என்று மாற்ற வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டே, 1754இல், லண்டன் செல்சி தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பிலிப் மில்லர் அக்கேசியாவைத் தனிப் பேரினமாக வெளியிட்டார். 1806இல் ஜெர்மானியரான வில்டெனோ அதைப் பெரிதாக்கினார்.

இப்போது வச்செல்லியாவுக்கு வருவோம். ரோமில் ஃபார்னீஸ் குடும்பத்துத் தோட்டத்தில், கரீபியன் தீவிலிருந்து வந்த விதையில் முளைத்த முட்செடி ஒன்று 1611 வாக்கில் வளர்ந்தது. அதன் விவரம் 1625இல் புத்தகமாகவும் வந்தது. அதுதான் கஸ்தூரிவேல். அதன் பெயரில் இன்றும் ஃபார்னீசியானா ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரான்சில் வாசனைத் தைலம் எடுக்க இதைப் பயிரிட்டார்கள். நம் ஊரில் வேலியில் நிற்கும்.

1819இல் சென்னைக்கு வந்த ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் பெயரைத் தாவரவியல் படித்தவர்கள் அறிவார்கள். கம்பெனியின் உதவி அறுவை மருத்துவர். தென்னிந்தியத் தாவரங்களைச் சேகரிப்பதே வாழ்க்கையாகிப் போனவர். 1831இல் விடுப்பில் ஊர் போனபோது உலர் தாவரங்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுபோனார். அங்கே வாக்கர் ஆர்னாட் என்ற நண்பருடன் உட்கார்ந்து தீபகற்ப இந்தியாவின் தாவரங்கள் பற்றிய நூலை எழுதினார். 1834இல் முதல் தொகுதி வந்தது; இரண்டாம் தொகுதி வரவே இல்லை. அந்த நூலில்தான் கஸ்தூரிவேலைத் தனியாகப் பிரித்து வச்செல்லியா என்று பெயரிட்டார்கள். காரணம் நெற்று. மற்ற வேல்களின் நெற்று தட்டையாக இருக்க, இதன் நெற்று உருண்டு திரண்டு உள்ளே சதையோடு இருக்கிறது.

பெயர் யாருடையது தெரியுமா? மக்காவில் ஆங்கிலேய வணிகர்களுக்குப் பாதிரியாராக இருந்து, சீனத் தாவரங்களைச் சேகரித்த ஜார்ஜ் ஹார்வி வச்செல் என்பவருடையது. வைட்டுக்காகப் படம் வரைந்த ரங்கையா, கோவிந்தூ என்ற இரண்டு இந்திய ஓவியர்களில் கோவிந்தூவின் பெயரை வைட் பின்னாளில் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைத்தார். அந்தப் பேரினம் வேறொன்றோடு சேர்க்கப்பட்டு வழக்கிழந்துபோனது. பெயர்களுக்கும் ஜாதகம் உண்டு போலும்!

வச்செல்லியாவும் அப்படித்தான் மறைந்திருக்க வேண்டும். 1842இல் ஜார்ஜ் பெந்தம் இந்தக் கூட்டம் முழுவதையும் எடுத்துச் சீர்ப்படுத்தினார். எண்ணற்ற மகரந்தத்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக இருந்தால் அது அக்கேசியா என்று விதி வகுத்தார். வச்செல்லியா உள்ளே போனது. சீயக்காய், இண்டு, ஆஸ்திரேலியாவின் முள்ளில்லா மரங்கள் எல்லாம் உள்ளே போயின. 1875இல் அதை ஆறு உட்பிரிவுகளாகப் பிரித்தார். இரட்டை முள்காரர்கள் ஒரு பிரிவு, கொக்கி முள்காரர்கள் ஒரு பிரிவு என்று. பெரிய கூட்டுக்குடும்பம், தனித்தனி அடுப்பு. நூறாண்டுக்கு மேல் அந்த ஏற்பாடு ஓடியது. அதைத்தான் நானும் படித்தேன், நானும் நடத்தினேன்.

அதற்குள் சிற்றினங்களின் எண்ணிக்கை 1,300ஐத் தாண்டிவிட்டது. அதில் சுமார் 1,000 ஆஸ்திரேலியாவில். மரபணு ஆய்வு வந்ததும் குடும்பத்தின் குட்டு வெளிப்பட்டது. ஆஸ்திரேலிய மரங்கள் கருவேலத்துக்கு நெருங்கிய உறவே இல்லை. நம் வாகையின் பக்கத்துச் சொந்தம். கொக்கி முள்காரர்களும் தனி வழி. ஆக, பாகப்பிரிவினை தவிர்க்க முடியாததாயிற்று.

பாகப்பிரிவினையில் குடும்பப் பெயர் யாருக்கு? தாவரவியலில் இதற்குத் தெளிவான சட்டம் உண்டு. ஒவ்வொரு பேரினப் பெயரும் ஏதாவது ஒரு சிற்றினத்தோடு ஆணி அடித்து மாட்டப்பட்டிருக்கும். அதை வகைக்காட்டு என்பார்கள். குடும்பம் எத்தனை துண்டானாலும், ஆணி எந்தத் துண்டில் இருக்கிறதோ அதற்கே பழைய பெயர். அக்கேசியாவின் ஆணி கருவேலத்தில் இருந்தது. சட்டப்படி பெயர் நமக்கும் ஆப்பிரிக்காவுக்கும். ஆஸ்திரேலியாவின் 1,000 மரங்களுக்குப் புதுப் பெயர்.

ஆஸ்திரேலியர்கள் பதறியதில் வியப்பில்லை. அவர்களின் தேசிய மலரே ஓர் அக்கேசியா. 2003இல் ஆர்ச்சர்ட், மாஸ்லின் என்ற இருவர் ஒரு முன்மொழிவு வைத்தார்கள்: ஆணியைப் பிடுங்கி ஆஸ்திரேலியச் சிற்றினம் ஒன்றில் அடித்துவிடலாம், அப்படிச் செய்தால் பெயர் மாற வேண்டிய மரங்களின் எண்ணிக்கை குறையும். உரிய குழுக்கள் அதை ஏற்றுப் பரிந்துரைத்தன. 2005இல் வியன்னாவில் சர்வதேசத் தாவரவியல் மாநாடு கூடியபோது வாக்கெடுப்பு நடந்தது. பதிவான வாக்குகளில் 54.9 சதவீதம் பரிந்துரைக்கு எதிராக விழுந்தது.

பெரும்பான்மை எதிர்த்தது. ஆனாலும் பரிந்துரை நிறைவேறியது! ஏனென்றால் அதைத் தள்ளுபடி செய்ய 60 சதவீதம் வேண்டும் என்றார்கள். இது முறையா என்று ஆறு ஆண்டுகள் சண்டை நடந்தது. 2011இல் மெல்பர்ன் மாநாடு, ஆம், ஆஸ்திரேலிய மண்ணிலேயே கூடிய மாநாடு, அதை உறுதி செய்துவிட்டது. கருவேலத்துக்குப் பரணில் தூசி படிந்து கிடந்த வச்செல்லியா கிடைத்தது. கொக்கி முள்காரர்களுக்கு செனகாலியா.

என் கருத்தைக் கேட்டால், குறைந்த குழப்பம் என்ற வாதத்தில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் வரிசையில் முதலில் நின்றவனை விலக்கிவிட்டு, ஆள் அதிகம் உள்ள வீட்டுக்கு முன்னுரிமை கொடுத்ததாகத்தான் எனக்குப் படுகிறது. சட்டம் எல்லோருக்கும் பொது என்றால் ஆணியைத் தொட்டிருக்கக் கூடாது. தொடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் வந்துவிட்டது. 2022இல் புரோசோபிஸ் பேரினம் இதே போல உடைந்தது. அதன் ஆணி நம் வன்னியில். சட்டப்படி வன்னியோடு மொத்தம் 3 சிற்றினங்களுக்கு மட்டும் பழைய பெயர் நின்றது. அமெரிக்க மரங்கள் 40க்கும் மேல் நெல்டூமா என்று பெயர் மாறின. சீமைக் கருவேலும் அதில் ஒன்று. உலகம் ஒன்றும் நின்றுவிடவில்லை.

ஒரு சின்ன ஆறுதல். 2014இல் நம் தென்மாவட்டத்து உடைக்கு வச்செல்லியா பிளானிஃப்ரான்ஸ் என்ற பெயரை முறைப்படி வெளியிட்ட நால்வரில் முதல் பெயர் ரகுபதி. கடைசிப் பெயர், ஆணியைப் பிடுங்கச் சொன்ன அதே மாஸ்லின்.

ஆனால் நம் கிராமத்து ஜனங்களைக் கவனியுங்கள். கருவேல், வெள்வேல், குடைவேல், கஸ்தூரிவேல் நான்கும் இன்று வச்செல்லியா. இண்டையும் சீயக்காயையும் அவர்கள் வேல் என்று சொன்னதில்லை. அவை இன்று செனகாலியா. ஆடு மேய்த்தவர்கள் முள் குத்தியே கற்றுக்கொண்ட பாடம்!

பெருமை பேசியது போதும். அந்த அறிவு இப்போது தேய்கிறது. நீலகிரியில் நிற்கும் ஆஸ்திரேலிய வாட்டில் மரத்துக்கு இன்று பெயர் சீகை. அமெரிக்காவிலிருந்து வந்த நெல்டூமாவுக்குச் சீமைக் கருவேல் என்று நாமே உறவு கொண்டாடினோம். அந்தப் பெயரில் 'சீமை' கழன்று விழுந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் பக்கத்துக் கண்மாயில் பார்த்தேன். சீமைக் கருவேலை அகற்ற வந்த ஜேசிபிக்கு நாட்டுக் கருவேலும் ஒன்றுதான், உடையும் ஒன்றுதான். முள் இருந்ததெல்லாம் போனது. ஆட்டுக்கு நெற்று உதிர்த்த மரங்கள், தூக்கணாங்குருவி கூடு கட்டிய மரங்கள், கலப்பைக்கும் வண்டிக்கும் கட்டை கொடுத்த மரங்கள் ஒரே நாளில் குவியலாகக் கிடந்தன. எது எது என்று பெயர் சொல்லித் தடுக்க அங்கே ஆள் இல்லை.

ஆகவே உங்கள் ஊரில் அந்த வேலை நடந்தால் மூன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மஞ்சள் உருண்டைப் பூ, மணி கோத்தது போல இடையிடையே இறுகிய சாம்பல் நிற நெற்று: நாட்டுக் கருவேல், விட்டுவிடச் சொல்லுங்கள். குடை விரித்தது போல உச்சி தட்டையாக இருந்தால்: உடை, விட்டுவிடச் சொல்லுங்கள். விரல் நீளத்துக்குத் தொங்கும் வெளிறிய பூக்கதிர், மஞ்சள் வெளுத்த மொழுமொழு நெற்று: அதுதான் சீமைக் கருவேல்.

வியன்னாவில் நமக்கு ஓட்டு இல்லை. கண்மாய்க்கரையில் இருக்கிறது.

உங்கள் பக்கம் உடைமரத்துக்கு வேறு பெயர் உண்டா? பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.