இயல்பும் காயமும்

ஒரு சிறுவன் காதுகளைப் பொத்திக்கொண்டு, மூலையில் அமர்ந்து முன்னும் பின்னும் ஆடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது அவனது பிறவி இயல்பா? அல்லது பட்ட துன்பத்தின் வடுவா? விளைவு ஒன்றாயினும் காரணங்கள் வேறாகலாம் என்பதைப் பௌதிகம் பயிலும் நீங்கள் அறிவீர்கள். இதனை மறந்ததால் உளவியல் உலகம் இருமுறை தவறியது.

1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளை ஆராய்ந்து, ஆட்டிசம் என்னும் நிலையை விவரித்தார். சிகாகோவில் சிறப்புப் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம், முன்பு நாஜி வதைமுகாம்களில் அடைபட்டிருந்தவர். அங்கே நம்பிக்கையிழந்து ஒடுங்கிய கைதிகளின் சாயலை அவர் இத்தகைய குழந்தைகளிடம் கண்டார். பெற்றோரின் அன்பின்மையே காரணம் என்று 1967-ல் நூலும் எழுதினார். ஒரு குற்றமும் அறியாத தாய்மார் பலர் பழி சுமந்தனர்.

1977-ல் லண்டனில் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் சோடிகளின் ஆய்வை வெளியிட்டனர். ஒருகரு இரட்டையரில் 11 சோடிகளுள் 4-ல் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இருகரு இரட்டையரின் 10 சோடிகளுள் ஒன்றில்கூட அவ்வாறில்லை. தாயின் அன்பின்மையே காரணமானால் இவ்வேறுபாடு தோன்றுமா? பிறவி அமைப்புக்குப் பெரும்பங்கு உண்டு என்பது தெளிவாயிற்று.

இயல்பைக் காயமெனக் கொண்டது முதல் தவறு. காயத்தை இயல்பெனக் கொள்வது இரண்டாவது. 1982-ல் அமெரிக்காவில் ஸ்டீவன் ரைஸ் குழுவினர், கடும் அச்சத்தால் அல்லலுறும் ஒருவரைப் பற்றிய குறிப்பை உளவியலாளர்களிடம் அளித்தனர். அவர் அறிவுவளர்ச்சி குன்றியவர் என்று சேர்த்துச் சொன்னபோது, அந்த அச்சத்தை மனநலக் குறையாக மதித்தவர் குறைந்தனர். ஒரு பெயர் ஒரு துன்பத்தையே மறைத்துவிட்டது!

ஆட்டிசம் உள்ளவரும் மன அதிர்ச்சிக்கு ஆளாகலாம் என்பது இன்று ஏற்கப்பட்ட உண்மை. அவர்களுக்கேற்பச் சிகிச்சை முறைகள் மாற்றப்படுகின்றன. சொற்களோடு படங்களும் துணைக்கு வருகின்றன, அமர்வுகள் குறுகியவை, அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்படுகிறது, கூசும் ஒளியும் இரைச்சலும் தவிர்க்கப்படுகின்றன. துயர நினைவை மனத்தில் நிறுத்தியபடியே கண்களை இருபுறமும் அசைக்கச் செய்யும் முறையை, ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் கையாண்ட ஒரு நெதர்லாந்து ஆய்வு 2019-ல் வெளியாயிற்று. அதன் முடிவுகள் நம்பிக்கையூட்டின. இங்கே நோக்கம் ஆட்டிசத்தை நீக்குவதன்று, காயத்தை ஆற்றுவதே.

இயல்பு நெடுநாள் தொடர்வது. திடீர் மாற்றத்திற்குக் காரணம் தேட வேண்டும். ஆகவே, "இவன் அப்படித்தான்" என்று சொல்லுமுன், "முன்பும் இப்படி இருந்தானா? இவனுக்கு என்ன நேர்ந்தது?" என்று கேளுங்கள்.