மறைந்த கப்பல்களின் நிறம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அட்லாண்டிக் பெருங்கடலில் கால அட்டவணைப்படி ஓடிய பெரும் பயணிகள் கப்பல்களை, அதாவது லைனர்களை, இன்று வரைய முற்படும் ஓவியர் அவற்றின் நீள அகலங்களைக் கட்டுமானத் தளங்களின் வரைபடங்களிலிருந்து நுட்பமாகவே மீட்டுவிட முடிகிறது. நிறத்தை அவ்வாறு மீட்க முடிவதில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் எண் கொடுத்து மாதிரி அட்டையோடு வரையறுக்கும் வழக்கம் தொழில்துறையில் பரவியது பிற்பட்ட காலத்தில்தான் என்பது இதற்கு முதற்காரணம். ஜெர்மனியின் 'ரால்' நிற அட்டவணை 1927இல்தான் வெளிவந்தது. அதற்கு முந்தைய கப்பல்களின் நிறம் பெரும்பாலும் பெயரளவிலேயே ஆவணங்களில் நிற்கிறது. ஒரே பெயர் குறிக்கும் நிறமோ கலவைக்குக் கலவை மாறக்கூடியது.

ஆயினும் கப்பல் நிறுவனங்கள் நிறத்தைப் பொருட்படுத்தாமல் இருந்ததில்லை. தொலைவில் வரும் கப்பல் யாருடையது என்பதைப் புகைபோக்கியின் நிறமே கொடிக்கு முன்னதாக அறிவித்தது. ஒயிட் ஸ்டார் நிறுவனம் கறுப்பு முடியுடைய 'பஃப்' நிறப் புகைபோக்கிகளைக் கொண்டிருந்தது; பஃப் என்பது வெள்ளையும் மஞ்சட்காவியும் கலந்தாற்போன்ற வெளிர்ந்த மஞ்சட்பழுப்பு. 1840இல் 'பிரிட்டானியா' கப்பலோடு சேவையைத் தொடங்கிய கியூனார்ட் நிறுவனமோ செம்மஞ்சள் புகைபோக்கியின்மேல் கறுப்பு முடியையும் மெல்லிய கறுப்பு வளையங்களையும் தன் அடையாளமாக்கிக்கொண்டது. அந்தச் செம்மஞ்சள், ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராபர்ட் நேப்பியரிடமிருந்து வந்தது என்றும், கொதிக்கும் புகைபோக்கியில் சாதாரண எண்ணெய்ப் பூச்சு நிலைக்காது என்பதால் காவியை மோரில் குழைத்துப் பூசினர் என்றும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது.

இந்நிறங்களை அறிய ஆய்வாளர் முதலில் நாடும் சான்று புகைப்படம். ஓவியரை மிகுதியாக ஏமாற்றுவதும் அதுவே. அக்காலத்துச் சாதாரணக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியையும் ஊதா ஒளியையும் மட்டுமே உணர்ந்தன; பின்னர் வந்த 'ஆர்த்தோகுரோமாட்டிக்' தகடுகள் பச்சையையும் மஞ்சளையும்கூட உணர்ந்தனவே தவிர, சிவப்பு அவற்றுக்கும் ஏறக்குறைய இருளாகவே இருந்தது. ஆகவே கியூனார்ட் கப்பலின் படத்தில் செம்மஞ்சள் பகுதியும் கறுப்பு முடியும் ஒன்றோடொன்று கலந்து, புகைபோக்கி முழுவதுமே கரியதெனத் தோன்றக்கூடும். பாசியும் சிப்பியும் ஒட்டாமல் தடுப்பதற்காக நீர்மட்டத்துக்குக் கீழே பூசப்பட்ட செந்நிறப் பூச்சும் மேலே உள்ள கறுப்பிலிருந்து பிரித்தறிய இயலாதபடி இருண்டுவிடும். நீலச் சாயல் கொண்ட வெளிர்சாம்பல் நிறம் இதற்கு நேர்மாறாக வெள்ளையாகவே பதியும். படத்தில் உள்ள கருமையையும் வெண்மையையும் அளந்து நிறத்தை ஊகிப்பவர், அது எவ்வகைத் தகட்டில் எடுக்கப்பட்டது என்பதை முதலில் அறிந்தாக வேண்டும். வண்ணச் சுவரொட்டிகளும் அஞ்சல் அட்டைகளும் இக்குறையை நிரப்பிவிடுவதில்லை. அச்சகத்தார் கையிலிருந்த சில மைகளைக் கொண்டு, வாங்குவோர் கண்ணைக் கவரும் வகையில் அடிக்கப்பட்டவை அவை.

சான்றுகளை முறையாக எடைபோட்ட பிறகும் ஒரு கப்பலுக்கு ஒரே நிறம் என்ற முடிவுக்கு வர முடியாது. நிறம் எப்போதும் ஒரு தேதிக்கு உரியது. 1910 அக்டோபர் 20 அன்று பெல்ஃபாஸ்ட்டில் நீரில் இறக்கப்பட்ட 'ஒலிம்பிக்' கப்பலின் உடல், புகைப்படங்களில் எடுப்பாகத் தெரியும்பொருட்டு வெளிர்நிறத்தில் பூசப்பட்டிருந்தது. சேவைக்கு வருமுன் அது கறுப்பாக மாற்றப்பட்டது. 1911 மே 31 அன்று இறக்கப்பட்ட அதன் தங்கை 'டைட்டானிக்' தொடக்கத்திலேயே கறுப்பு உடலோடு நீரைத் தொட்டது. மூன்றாவதான 'பிரிட்டானிக்' 1914இல் இறக்கப்பட்டாலும், போர் குறுக்கிட்டதால் மருத்துவக் கப்பலாகவே பணிக்கு வந்தது. அரசு மருத்துவக் கப்பல்கள் வெள்ளை நிறமும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலப் பச்சைப் பட்டையும் பெறவேண்டும் என்று 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை வகுத்திருந்தது. அக்கோலத்திலேயே அது 1916 நவம்பரில் ஏஜியன் கடலில் மூழ்கியது. எனவே கறுப்பு உடலோடு நியூயார்க் நோக்கி விரையும் பிரிட்டானிக்கை வரைவது, எத்தனை அழகாக அமைந்தாலும், ஒருபோதும் நிகழாத பயணத்தை வரைவதாகும். கியூனார்டின் 'மௌரிடேனியா'வும் அவ்வாறே முதல் உலகப் போரில் எதிரியின் கணிப்பைக் குழப்பும் கோணல்மாணலான பட்டைகளை அணிந்து, 1930களில் உல்லாசப் பயணங்களுக்காக வெள்ளை உடுத்தி, 1935இல் உடைக்கப்பட்டது. 1949இல் வந்த 'கரோனியா' பச்சை நிறத்தின் பல சாயல்களில் பூசப்பட்டிருந்தது.

எஞ்சியிருக்கும் பொருட்களே மிக உறுதியான சான்று என்று கருதலாம். அதிலும் எச்சரிக்கை தேவை. பழைய பூச்சின் ஒரு துணுக்கைப் பிசினில் பதித்து, குறுக்காக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய பூச்சுகள் அடுக்கடுக்காகத் தெரியும். எது எந்த ஆண்டுக்குரியது என்பதைப் பராமரிப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டே முடிவு செய்ய முடியும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த ஈய வெள்ளை, வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகிவிடும் என்பதால், இன்று கண்ணுக்குத் தெரியும் சாயலே அன்றைய சாயலும் என்று கொள்வதற்கில்லை. கலிபோர்னியாவின் லாங் பீச்சில் நிலைத்து நிற்கும் 'குயின் மேரி'யின் புகைபோக்கிகள்கூட, பழையவை அரித்துப்போனதால் பின்னர் செய்து பொருத்தப்பட்டவையே.

சரியான கலவை கிடைத்த பின்பும் அதை அப்படியே தாளில் தீட்டிவிட முடியாது. இருநூறு மீட்டருக்கும் மேல் நீண்ட கப்பலைக் கண் தொலைவிலிருந்துதான் முழுமையாகக் காண்கிறது. இடைநிற்கும் காற்று கறுப்பைச் சாம்பலாக்கி, செறிந்த நிறங்களை வெளிறச் செய்கிறது. ஒரு சாண் நீள வரைபடத்தில் முழுக் கறுப்பைத் தீட்டினால் அது பாரமாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே. தேர்ந்த ஓவியர்கள் அளவு குறையக் குறைய நிறத்தையும் சற்றே தணிக்கின்றனர்.

டைட்டானிக்கின் வண்ணப் புகைப்படம் ஒன்றுகூட அறியப்படாத நிலையில், அதைப் பற்றிய நம் நிற உணர்வு முழுவதும் பிற்காலத்தார் தீட்டிய படங்களாலேயே உருவானது. ஒருவர் ஊகித்துத் தீட்டிய சாயலை அடுத்தவர் ஆதாரமாகக் கொள்வதால், பிழையும் மெல்ல மரபாகிவிடுகிறது. ஆகவே எந்தத் தேதிக்குரிய தோற்றம், எந்த நிறம் சான்றால் உறுதியானது, எது ஊகம் என்பவற்றைப் படத்தின் ஓரத்திலேயே எழுதிவைப்பது ஓவியரின் கடமை. அக்குறிப்பு இருந்தால்தான் நாளை புதிய சான்று கிடைக்கும்போது படத்தின் எந்தப் பகுதியைத் திருத்த வேண்டும் என்பது பின்வருவோருக்குத் தெரியும்.