தோட்டத்து ராலே சைக்கிள்: உதிரிப்பாகம் தேடப்போய்க் கிடைத்த வரலாறு



நான்காம் ஆண்டில் வரலாற்றுப் பாடம் தொடங்கும்போது மூலங்களைப் பற்றிச் சொல்லித் தருகிறோம். ஆவணம், படம், பொருள், வாய்மொழி என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோம். மாணவர்களும் தலையாட்டுவார்கள். இந்த முறை நிஜமான ஒரு பொருளை வகுப்புக்குக் கொண்டுபோக நினைத்தேன். லுக்குட்டில் அத்தை வீட்டுக் கொட்டகையில் தாத்தாவின் ராலே சைக்கிள் கிடந்தது. அதை ஓடவைத்துக் கொண்டுபோகலாம் என்று ஆரம்பித்த வேலை எட்டு மாதமாக நடக்கிறது, இன்னும் முடியவில்லை.

அத்தைக்கு அது "கொக்கு மார்க்கு சைக்கிள்". பெடல் சக்கரத்தைப் பார்த்தால் கொக்குத் தலைகள் வெட்டியிருக்கும், ராலேயின் அடையாளமே அதுதான். "மெர்டேக்காவுக்கு முந்துன வருசம் வாங்குனதுப்பா. உங்கப்பன் அப்போ கைப்பிள்ளை" என்றார். அதாவது 1956. இந்த ஆண்டைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பிரச்சினை வரும்.

சைக்கிளுக்கும் தோட்டத்துக்கும் உள்ள உறவு பழையது. 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் பைத்தியம் பிடித்தது, ரப்பர் தேவை ஏறியது. 1896-ல் மலாக்காவில் டான் சாய் யான் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். பிறகு மோட்டார் வண்டி வந்தது. ஈயத்துக்குப் பேர்போன லுக்குட் வட்டாரத்திலும் பால்மரம் நிறைந்தது. நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறி வந்து வெட்டிய பால், கடல் தாண்டி டயராகியது. ஆனால் அந்த டயரில் ஏறி உட்காரும் வசதி அவர்களுக்கு லேசில் வரவில்லை. 1920-களின் கடைசியில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கிராணியார், டிரெசர், மண்டோர் என்று சிலரிடம்தான் சைக்கிள் இருக்கும். லயத்தில் ஒருவர் சைக்கிள் வாங்கினால் அது ஊர் பேசும் சேதி.

பிறகு 1941 டிசம்பரில் ஜப்பானியர்கள் கோத்தா பாருவில் இறங்கி, பெருமளவு சைக்கிளிலேயே தெற்கே வந்தார்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. போருக்கு முன்பே ஜப்பானிய மலிவு சைக்கிள்கள் மலாயா முழுக்க விற்றுக்கொண்டிருந்தன. அதனால் வழியில் உதிரிப்பாகத்துக்கு அவர்கள் அலையவே இல்லை. ஊர்க்கடையிலும் வீடுகளிலும் எடுத்துக்கொண்டார்கள். டயர் வெடித்தால் வெறும் ரிம்மில் ஓட்டினார்கள், இரவில் அந்தச் சத்தத்தை டாங்கி என்று எதிராளி நினைத்ததாக அந்தப் படையின் அதிகாரி சுஜி பின்னாளில் எழுதினார். உதிரிப்பாகம் என்ற சின்ன விஷயம் ஒரு படையெடுப்புக்கே உதவியிருக்கிறது. இதைச் சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

சரி, நம்ம சைக்கிளுக்கு வருவோம்.

முதல் சிக்கல் டயர். பழைய டயரில் 28 × 1½ என்று இருந்தது. நானும் "28 இன்ச்" என்று கேட்டு இணையத்தில் ஒரு ஜோடி வாங்கினேன். வந்தது 28 × 1.75. இரண்டும் 28 தானே என்று மாட்டப்பார்த்தால் ரிம் ஏறவே இல்லை. பழைய டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர், நான் வாங்கியது 622. பதின்மூன்று மில்லிமீட்டர் எந்த நெம்புகோலுக்கும் மசியாது. இனிமேல் யாராவது தேடினால் இன்ச் கணக்கை நம்பாதீர்கள், 635 என்ற எண்ணைக் கேளுங்கள்.

அந்த எண் இன்னும் உயிரோடு இருக்கும் இடம் இந்தியா. 1949-ல் சென்னை அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் ஆங்கிலேயக் கூட்டோடு தொடங்கி ஹெர்குலிஸ் சைக்கிள் செய்தது. லூதியானாவில் ஹீரோ 1956-ல் தொடங்கியது. இவர்கள் செய்த கறுப்புச் சைக்கிள்கள் அதே ஆங்கிலேய அளவைப் பிடித்துக்கொண்டன. நாட்டிங்ஹாமில் கைவிட்டதை லூதியானா காப்பாற்றி வைத்திருக்கிறது. டயர், டியூப், பிரேக் கட்டை, முன்னுக்கு 32-ம் பின்னுக்கு 40-மாகத் துளை போட்ட ரிம், எல்லாம் அங்கே இன்றும் சாதாரணக் கடைச் சரக்கு.

ஆனால் எல்லாமே பொருந்தாது. பெடல் அச்சு சுழலும் கிண்ணம் தேய்ந்திருந்தது. இந்தியக் கிண்ணம் உள்ளேயே போகவில்லை. மற்ற ஆங்கிலேயக் கம்பெனிகள் ஒரு இன்ச்சுக்கு 24 மரை வெட்டியபோது, ராலே மட்டும் 26 மரை வெட்டியது. தன் சைக்கிளுக்குத் தன் பாகம்தான் என்ற கணக்காக இருக்கும் என்பது என் சந்தேகம். லுக்குட் பழைய கடைத்தெருவில் எனக்கு உதவிய சீனப் பெரியவர் சிரித்தார். "கிண்ணம் மாத்தாதே சேகு, குண்டு மட்டும் மாத்து" என்றார். பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் இன்ச் குண்டுகளைப் புதிதாகப் போட்டு கிரீஸ் பூசினோம். ஆட்டம் பெரும்பாலும் நின்றுவிட்டது. பெடல் தண்டைப் பிடிக்கும் காட்டர் பின்னுக்கும் அவர்தான் வழி சொன்னார். 9.5 மில்லிமீட்டர் பின் வாங்கி அரத்தால் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். சுத்தியால் அடிக்கும்போது தண்டுக்குக் கீழே இரும்புக் குழாயை முட்டுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடி அத்தனையும் குண்டுகளில் இறங்கும்.

பின்சக்கரத்தைத் துடைத்தபோதுதான் பிரச்சினை வந்தது. நடு ஹப்பில் ஸ்டர்மி ஆர்ச்சர் என்றும், ஏ.டபிள்யூ. என்றும் இருந்தது. அது மூன்று கியர் ஹப். பக்கத்திலேயே 58, 4 என்ற எண்கள். அந்தக் கம்பெனி செய்த ஆண்டையும் மாதத்தையும் ஹப்பிலேயே குத்திவிடும். அதாவது 1958 ஏப்ரல். சைக்கிள் 1956-ல் வாங்கியது என்றால், 1958-ல் செய்த ஹப் எப்படி வந்தது?

அத்தையிடம் உடனே கேட்க மனம் வரவில்லை. தாத்தா நினைவாக அவரிடம் மிச்சம் இருப்பது சில கதைகள்தான், அதில் ஒன்றைப் பொய்யாக்கவா இந்த வேலையை எடுத்தேன் என்று இருந்தது. முதலில் மாணவர்களிடம் விட்டேன். பிரேமின் மேல்குழாயில் கியர் கம்பிக்காகச் சுற்றியிருந்த சின்னப் பட்டையைக் கழற்றினோம். அடியில் பளபளப்பாகக் கறுப்பு வண்ணம் இருக்கும் என்று எதிர்பார்த்தோம். ஆனால் ஒரு நீளக் கீறல் பட்டைக்கு இந்தப் பக்கம் தொடங்கி, அடியில் ஓடி, அந்தப் பக்கம் வெளியே வந்தது. கீறல் முதலில், பட்டை பிறகு. ஒரு மாணவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "பட்டைய அப்புறமா நகத்தி வச்சிருந்தா சார்?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை, நல்ல கேள்வி என்று எழுதிவைத்தோம்.

அடுத்த வாரம் அத்தையிடம் ஹப்பைப் பற்றி எதுவும் சொல்லாமல், தாத்தா சைக்கிள் ஓட்டுவது எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"மொதல்ல சத்தமே வராது. நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்ச பொறகுதான், மிதிக்கும்போதே டிக் டிக்குனு ஒரு சத்தம். கிராணியார் மாத்தலாகிப் போறப்ப அவர் சைக்கிள் சக்கரத்த அப்பாவுக்குக் குடுத்துட்டுப் போனாரு. சடக்குல அந்தச் சத்தம் கேட்டா, அம்மா அடுப்புல தண்ணி வச்சிரும்."

சாதாரண சைக்கிள் மிதிக்காமல் விடும்போதுதான் டிக் டிக் என்னும். மிதிக்கும்போதே சத்தம் போடுவது இந்த மூன்று கியர் ஹப்பின் குணம். அத்தைக்கு கியர் என்றால் என்னவென்றே தெரியாது.

ஆக, பின்சக்கரம் கிராணியாருடையது. பிரேமின் வயதுக்கு அத்தையின் வார்த்தைதான் சாட்சி. ராலே பிரேம் எண்களுக்கு நம்பக்கூடிய முழு அட்டவணை கிடையாது. நண்பர் ஒருவர், "ஒரிஜினலா ஆக்கணும்னா கியர் இல்லாத சக்கரத்த மாட்டிரு" என்றார். நான் மாட்டவில்லை. ஹப்பில் சில சொட்டு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்தேன், காலையில் மூன்று கியரும் விழுந்தன. அறுந்த சின்னச் சங்கிலிக்குப் புதுசு கிடைத்தது. கம்பெனி 2000-ல் தைவான்காரர்கள் கைக்குப் போனாலும் அந்தப் பாகத்தை இன்னும் செய்கிறார்கள். பட்டையைப் பழைய இடத்திலேயே, கீறலின் மேலேயே மாட்டினோம். வண்ணம் பூசவில்லை.

டயர் மட்டும் பாக்கி. சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கும் மச்சான் அடுத்த வாரம் ஒரு ஜோடி கொண்டுவருகிறார். 635 என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்ததும் முதலில் அத்தை வீட்டுச் சடக்கில் ஓட்டிக் காட்ட வேண்டும். மிதிக்கும்போது சத்தம் வருகிறதா என்று இப்போதே இரண்டு முறை போன் போட்டுக் கேட்டுவிட்டார்.