சிவப்பு ஒயினைச் சுவைத்து மதிப்பிடுதல்

சிவப்பு ஒயினின் தரத்தைக் கண், மூக்கு, நாக்கு ஆகிய மூன்றாலும் முறையாகச் சோதித்தறிவது ஒயின் மதிப்பீடு. கருந்திராட்சை தோலோடும் விதையோடும் நொதிக்கும்போது நிறமும் துவர்ப்பும் சாற்றில் இறங்குகின்றன. வெள்ளை ஒயினுக்குப் பெரிதும் இல்லாத இந்தத் துவர்ப்பே சிவப்பு ஒயின் மதிப்பீட்டில் முதன்மை பெறுகிறது.

சோதனை முறை

ஒயின் 15 முதல் 18 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் இருக்க வேண்டும். வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் சிறிதளவு ஊற்றி, வெள்ளைத் தாளின்மேல் சாய்த்துப் பார்ப்பர். இளம் ஒயினில் ஊதாச் சாயல் தெரியும். ஆண்டுகள் ஏற ஏற விளிம்பு செங்கல் நிறமாகிப் பழுப்பேறும். அடுத்து அசைக்காமல் ஒருமுறை, சுழற்றி ஒருமுறை முகர்வர். நனைந்த அட்டையின் வாடை வீசினால் தக்கை வழியாகக் கெட்டது; காடி நெடி அடித்தால் அசிட்டிக் அமிலம் மிகுந்தது. பின்னர் ஒரு வாய் எடுத்து நாவெங்கும் படரவிட்டு, புளிப்பு, துவர்ப்பு, ஆல்கஹாலின் சூடு, சுவை நிற்கும் நேரம் ஆகியவற்றைக் குறிப்பர். பலவற்றைச் சோதிப்போர் விழுங்காமல் துப்பிவிடுவர்.

துவர்ப்பு

துவர்ப்பைத் தரும் டானின்கள் உமிழ்நீர்ப் புரதங்களோடு பிணைவதால் வாயின் வழவழப்புக் குறைந்து நாக்கும் ஈறும் இறுகுகின்றன. நெல்லியின் துவர்ப்புக்கும் டானின்களே காரணம். ஒயினில் துவர்ப்பு எவ்வளவு என்பதோடு எத்தகையது என்பதும் பார்க்கப்படும்: முற்றாத திராட்சையின் டானின் கரகரக்கும், நன்கு பழுத்ததன் டானின் மென்மையாகப் படியும். ஆட்டுக்கறியோடு அருந்தும்போது துவர்ப்பு தணிந்து தோன்றும்.

இந்திய ஒயின்கள்

பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பகுதியில் 1988இல் தொடங்கிய குரோவர் நிறுவனத்தின் லா ரிசர்வ், கேபர்னே சோவிஞான், ஷிராஸ் என்னும் திராட்சை வகைகள் கலந்த சிவப்பு ஒயின். ஷிராஸில் மிளகு வாசம் தேடப்படுவது வழக்கம். வெப்பமான நிலத்தில் திராட்சையின் சர்க்கரை விரைந்து ஏறுவதால், ஆல்கஹாலுக்கு ஈடாகப் புளிப்பு இருக்கிறதா என்பது கவனிக்கப்படும்.

மதிப்பெண்

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் 20 மதிப்பெண் முறையை வகுத்தது. அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பரப்பிய 100 மதிப்பெண் முறை 50இல் தொடங்குகிறது. 2001இல் வெளியான போர்தோ ஆய்வொன்றில், சிவப்புச் சாயமிட்ட வெள்ளை ஒயினை மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தனர். கண் மூக்கை ஏமாற்றுவதால், பெயர்ச்சீட்டை மறைப்பதோடு கருநிறக் கோப்பையில் சோதிக்கும் வழக்கமும் உண்டு.