கீவேர்ட்ஸ் டேக்கின் பிறப்பும் 'மரணமும்': டேனி சல்லிவனின் வாசிப்பு குறித்து ஒரு மறுஆய்வு

இணையப் பக்கத்தின் தலைப்பகுதியில், படிப்பவர் கண்ணில் படாத இடத்தில், அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று சில சொற்களைக் காற்புள்ளியிட்டு எழுதிவைப்பதற்கான குறிதான் கீவேர்ட்ஸ் மெட்டா டேக். தளம் நடத்துவோருக்கான எஸ்.இ.ஓ. (தேடுபொறி உகப்பாக்கம்) கையேடுகள் இதன் வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடும். 1996இல் தேடுபொறிகளுக்காகப் பிறந்தது, பொருந்தாத சொற்களை அள்ளித் திணித்தவர்களால் கெட்டது, 2002இல் இறந்தது. இந்தச் சித்திரத்துக்கு முழு வடிவம் கொடுத்தவர் டேனி சல்லிவன். 2002 அக்டோபரில் செர்ச் எஞ்சின் வாட்ச் தளத்தில், டேக்கின் மரணத்தைத் தலைப்பிலேயே அறிவித்து அவர் எழுதிய கட்டுரை, இத்துறையில் இன்றும் முதல் ஆதாரமாக நிற்கிறது.

சல்லிவனின் வாதம் இது. கீவேர்ட்ஸ் டேக்கை முதலில் ஏற்ற பெரிய தேடுபொறிகள் இன்ஃபோசீக்கும் ஆல்ட்டாவிஸ்டாவும். இரண்டில் எது முந்தியது என்று தெரியவில்லை. இரண்டும் 1996இன் தொடக்கத்தில் ஏற்றன. அதே ஆண்டின் நடுவில் ஹாட்பாட் வழியாக வந்த இங்க்டோமியும் சேர்ந்துகொண்டது. பிறகு ஸ்பேம் பெருகியது. ஆதரவு ஒவ்வொன்றாக விலகியது. 2002 ஜூலையில் ஆல்ட்டாவிஸ்டாவும் கைவிட்டதும், பெரிய தேடுபொறிகளில் இங்க்டோமி மட்டுமே மிஞ்சியது. ஒரே ஒரு பொறி மட்டும் படிக்கும் குறிக்காகத் தளம் நடத்துவோர் நேரம் செலவிட வேண்டியதில்லை என்பது அவரது முடிவு.

நடைமுறை அறிவுரையாக இது சரியானது. அன்றைக்கு இதைவிட நல்ல அறிவுரை இருந்திருக்க முடியாது. முந்தியது எது என்ற கேள்வியைத் தீர்க்காமலே விட்ட நேர்மையும் பாராட்டத்தக்கது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அறிவுரையாக எழுதப்பட்டதைப் பின்வந்தவர்கள் வரலாறாக எடுத்துக்கொண்டார்கள். டேக்கின் பிறப்பைத் தேடுபொறிகள் அதை ஏற்ற நாளோடும், இறப்பை அவை விட்ட நாளோடும் ஒன்றாக்கும் சட்டகம் சல்லிவனுடையதே. அந்தச் சட்டகம் இரு முனையிலும் பொருந்தவில்லை.

முதலில் சாட்சியின் எல்லை. தேடுபொறிகள் குறித்துத் தளம் நடத்துவோருக்கான தம் வழிகாட்டியைச் சல்லிவன் வெளியிட்டது 1996 ஏப்ரலில். அது செர்ச் எஞ்சின் வாட்ச் ஆக மாறியது 1997இல். ஆல்ட்டாவிஸ்டா பொதுமக்களுக்குத் திறந்ததோ 1995 டிசம்பர் 15இல். அதாவது, அவர் கூர்ந்து கவனிக்கத் தொடங்கியபோது அவ்விரு தேடுபொறிகளும் ஏற்கெனவே அந்த டேக்கைப் படித்துக்கொண்டிருந்தன. '1996இன் தொடக்கம்' என்பது டேக் தோன்றிய காலம் அல்ல. முதல் கவனமான பார்வையாளர் வந்துசேர்ந்த காலம். அதற்கு முந்தையதை அறியத் தரவரையறை ஆவணங்களைத்தான் புரட்ட வேண்டும்.

அவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, டேவ் ராகெட் எழுதி 1995 மார்ச்சில் வெளிவந்து, தரமாக ஏற்கப்படாமலே காலாவதியான எச்.டி.எம்.எல். 3.0 வரைவு. மற்றது, டிம் பெர்னர்ஸ்-லீயும் டான் கானலியும் எழுதி 1995 நவம்பரில் இணைய நெறிமுறை ஆவணத் தொடரான ஆர்.எஃப்.சி.யில் 1866 என்ற எண்ணில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0. எண் வரிசையில் பிந்தியது கால வரிசையில் முந்தியிருப்பது குழப்பக்கூடும், 2.0 என்பது அதுவரை புழக்கத்தில் இருந்ததைத் தொகுத்த ஆவணம் என்பதே காரணம். மெட்டா உறுப்பை விளக்க இரண்டும் ஏறக்குறைய ஒரே எடுத்துக்காட்டைத் தருகின்றன. மூன்று புலங்கள்: காலாவதித் தேதி, குறிச்சொற்கள், மறுமொழி முகவரி. ஆனால் பாடம் வேறுபடுகிறது.

ராகெட்டின் வரைவில் ஒரே மெட்டா உறுப்பில் இரண்டு சொற்கள் காற்புள்ளியால் பிரிந்து நிற்கின்றன: நானோதொழில்நுட்பம், உயிர்வேதியியல். மறுமொழி முகவரி ராகெட்டுடையது. ஆர்.எஃப்.சி. 1866இல் குறிச்சொற்களுக்கு இரண்டு தனி உறுப்புகள். ஒன்றில் 'ஃபிரெட்', மற்றதில் 'பார்னி'. நடுவே ராய் ஃபீல்டிங்கின் மறுமொழி முகவரி. சர்வர் பக்கத்தை அனுப்பும்போது இவ்விரண்டையும் ஒரே தலைப்புவரியாக இணைத்து 'ஃபிரெட், பார்னி' என்று அனுப்பலாம் என்கிறது ஆவணம். காற்புள்ளி அங்கே எழுதுபவர் இடுவதல்ல; இணைப்பில் தானாக விழுவது. இரண்டிலும் காலாவதித் தேதி ஒன்றே: செவ்வாய், 1993 டிசம்பர் 4. அந்த நாள் உண்மையில் சனிக்கிழமை. ஆகவே இந்தத் தேதியைக் கொண்டு எடுத்துக்காட்டு எழுதப்பட்ட காலத்தைக் கணிக்க முயல்வது பயன் தராது. ஆனால் அதே பிழை இரு ஆவணங்களிலும் வருவதால், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை, அல்லது ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். எந்தப் பாடம் முந்தியது என்பதற்கு இவ்விரண்டுக்குள் விடை இல்லை.

இந்த எடுத்துக்காட்டில் பார்க்க வேண்டியது மூன்று புலங்களும் சேர்ந்து நிற்பதை. காலாவதி, குறிச்சொற்கள், மறுமொழி முகவரி மூன்றுமே, யூஸ்நெட் செய்திகளின் வடிவத்தை வரையறுத்த ஆர்.எஃப்.சி. 1036இல் (1987 டிசம்பர்) விருப்பத் தலைப்புவரிகளாக இடம்பெற்றவை. குறிச்சொற்கள் வரியும் மறுமொழி வரியும் அதற்கும் முன்பே, 1982 ஆகஸ்டில் மின்னஞ்சல் வடிவத்தை வகுத்த ஆர்.எஃப்.சி. 822இல் உள்ளன, குறிச்சொற்களைக் காற்புள்ளியால் பிரித்தெழுதும் வழக்கமும் அதிலேயே உண்டு. ஆக, கீவேர்ட்ஸ் டேக் 1996இல் தேடுபொறிகளுக்காக உருவானது அல்ல. அது கடிதத் தலைப்பின் ஒரு வரி. ஹைப்பர்டெக்ஸ்ட் பக்கத்துக்குள் குடிபெயர்ந்தது. தேடுபொறிகள் படித்தது ஏற்கெனவே அங்கிருந்த ஒன்றை.

ஆர்.எஃப்.சி. 1866 மெட்டா உறுப்புக்குத் தரும் பயன்கள் மூன்று: அடையாளம் காணல், அட்டவணையிடல், பட்டியலிடல். மூன்றும் நூலகத் தொழில். அட்டவணையிடல் என்பதில் தேடுபொறியும் அடங்கும் என்று சல்லிவன் தரப்பில் வாதிடலாம், அது நியாயமே. ஆனால் தரவரிசை அதில் இல்லை. ஒரு சொல்லுக்கு இந்தப் பக்கம் பொருந்தும் என்று பதிவதும், அச்சொல்லுக்கு இதையே முதலில் காட்டு என்று கோருவதும் வெவ்வேறு செயல்கள். முதலாவதற்காக அமைந்த குறியை இரண்டாவதற்குப் பயன்படுத்தியது தேடுபொறிகளின் முடிவு. ஸ்பேம் எழுதியவர்கள் அந்த முடிவுக்குப் பின்னால் வந்தவர்கள். சல்லிவனின் கதையில் இந்த வரிசை தெளிவாகத் தெரிவதில்லை.

எதிர்ச்சான்று ஒன்றையும் இங்கே வைக்க வேண்டும். மார்ட்டின் கோஸ்டர் 1993இல் தொடங்கி, 1994 மே மாதம் ஜெனீவாவில் நடந்த முதல் உலகளாவிய வலை மாநாட்டில் விளக்கிய அலிவெப், தளத்தின் பொறுப்பாளரே எழுதித் தரும் விவரக்கோப்பைக் கொண்டு தேடலை நடத்தியது. அந்தக் கோப்பில் தலைப்பு, முகவரி, விளக்கத்தோடு குறிச்சொற்களுக்கும் ஒரு புலம் இருந்தது. ஆகவே தளம் நடத்துபவர் தேடலுக்கென்றே குறிச்சொற்களைத் தருவது 1996க்கு முன்பே பழக்கத்தில் இருந்தது. இது சல்லிவனின் தேதியை மறுக்கிறது. ஆனால் தேடலுக்காகப் பிறந்தது என்ற அவரது கருத்துக்கு ஓரளவு துணை நிற்கிறது. அலிவெப்பின் புலம் தனிக்கோப்பில் இருந்தது, பக்கத்துக்குள் அல்ல என்பதால், நேர் முன்னோடி என்ற இடத்தை மின்னஞ்சல் தலைப்புவரிக்கே தர வேண்டும். இரண்டு ஓடைகளும் 1995இல் கலந்திருக்கலாம். அதே மார்ச்சில் ஒஹையோவின் டப்ளின் நகரில் கூடிய நூலகர்களும் கணினியியலாளர்களும் டப்ளின் கோர் விவரக்குறிப்பைத் தொடங்கியதும், அதிலும் பொருள் என்றொரு கூறு இருந்ததும் காலத்தின் போக்கைக் காட்டுகின்றன. அதற்கும் ராகெட்டின் எடுத்துக்காட்டுக்கும் நேர்த்தொடர்பு இருந்ததாகச் சொல்ல இடமில்லை.

சான்று மெலிந்த இடம் அடுத்தது. 1995இன் இரு ஆவணங்களும் குறிச்சொற்களை 'எச்.டி.டி.பி-ஈக்விவ்' என்ற பண்பின் கீழ், சர்வர் தலைப்புவரியாக எழுதுகின்றன. தேடுபொறிகள் படித்ததோ 'நேம்' என்ற பண்பின் கீழ் எழுதியதை. இந்த மாற்றம் எப்போது, யாரால் நிகழ்ந்தது? ஆர்.எஃப்.சி. 1866இன் ஒரு விதி வழி காட்டுகிறது: 'நேம்' இல்லாவிட்டால் 'எச்.டி.டி.பி-ஈக்விவ்' தரும் பெயரே உறுப்பின் பெயர். படிக்கும் நிரலுக்கு இரண்டும் ஒன்றே என்று இதற்குப் பொருள். சர்வர்கள் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து தலைப்புவரி தயாரிப்பது செலவு மிக்க வேலை. ஆவணமும் அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் தேடுபொறியின் நிரல் எப்படியும் பக்கம் முழுவதையும் இறக்கிப் படிக்கிறது. சர்வர் செய்யாத வேலையை அது போகிற போக்கில் செய்துவிடும். அப்படிச் செய்தபின் சர்வருக்கான பண்பு தேவையற்றதாகி, எளிய 'நேம்' வடிவம் நிலைத்தது. இது ஊகமே. ஆனாலும் இடைப்பட்ட சில மாதங்களில் புதிதாக ஒரு டேக் கண்டுபிடிக்கப்பட்டது என்று கொள்வதைவிட இது எளிய விளக்கம். சான்றுகள் அனைத்தோடும் பொருந்துகிறது. 1997 டிசம்பரில் வந்த எச்.டி.எம்.எல். 4.0, தேடுபொறிகளுக்குக் குறிச்சொற்கள் தருவதை மெட்டாவின் பொதுவான பயனாகவே எழுதிவிட்டது. அதன் எடுத்துக்காட்டு கிரீஸ் நாட்டுச் சுற்றுலா பற்றியது; அமெரிக்க ஆங்கிலம், பிரிட்டிஷ் ஆங்கிலம், பிரெஞ்சு என மொழிக்கொரு வரி. மூன்று ஆண்டுகளுக்குள் ஆய்வாளரின் பொருட்சொல் சுற்றுலா வணிகரின் விளம்பரச் சொல்லாகிவிட்டது.

இனி மரணம். 1998 ஏப்ரலில் பிரிஸ்பேனில் நடந்த உலகளாவிய வலை மாநாட்டில் செர்ஜி பிரினும் லாரி பேஜும் முன்வைத்த கூகுள் கட்டுரை, தேடுபொறிகளில் மெட்டா விவர முயற்சிகள் பெரும்பாலும் தோற்றுவிட்டன என்று அப்போதே சொல்கிறது. பயனருக்குக் காட்டப்படாத எழுத்து எதுவும் தேடுபொறியைத் திசைதிருப்பவே பயன்படும் என்பது அவர்கள் தரும் காரணம். சல்லிவன் குறிக்கும் ஆண்டுக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, ஏற்பதில்லை என்ற நிலை தெளிவாகச் சொல்லப்பட்டுவிட்டது. ஒருபோதும் ஏற்காத பொறிக்கு 'கைவிட்டது' என்ற சொல் பொருந்தாது. ஆல்ட்டாவிஸ்டா விலகியபோது தந்த விளக்கமும் மரணம் என்ற சொல்லுக்கு இடம் தரவில்லை: சொற்களின் தரம் மேம்பட்டால் மறுபடி சேர்க்கக்கூடும் என்று அது கதவைத் திறந்தே வைத்தது.

சல்லிவனின் பிற்கால எழுத்தே அவரது தேதியைத் தளர்த்துகிறது. 2007 செப்டம்பரில் அவர் செய்த சோதனையில் யாகூவும் ஆஸ்க்கும் டேக்கைப் படிப்பது தெரிந்தது. கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் படிக்கவில்லை. 2009 செப்டம்பரில் கூகுள் சார்பில் மாட் கட்ஸ், வலைத் தேடலின் தரவரிசைக்கு இந்த டேக்கைப் பயன்படுத்துவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். அடுத்த மாதம் யாகூ தானும் பயன்படுத்துவதில்லை என்றது. சல்லிவன் சோதித்துப் பார்த்தார். யாகூ இன்னும் படித்தது. மிகக் குறைந்த மதிப்பு மட்டும் தருவதாக யாகூ பிறகு திருத்திக்கொண்டது. 2011இல் பிங் தரப்பு, டேக் முக்கியமாக ஸ்பேமைக் கண்டறிய உதவும் ஒரு சைகை என்று விளக்கியது. முன்பு பக்கத்துக்குச் சாதகமாக நின்ற குறி அதற்கு எதிரான சாட்சியாக மாறியது. ஆனாலும் அது படிக்கப்பட்டது. 2012 செப்டம்பரில் கூகுள் நியூஸ், செய்தித்தளங்களுக்கென 'நியூஸ் கீவேர்ட்ஸ்' என்ற தனி மெட்டா டேக்கை அறிமுகப்படுத்தியது. பத்து வரையான சொற்கள், காற்புள்ளியால் பிரித்து. நம்பத்தக்கவர்கள் எனத் தெரிந்த சிறு வட்டத்துக்குள் பழைய முறை மீண்டும் ஏற்கப்பட்டது. ஆக, முறை பழுதானது அல்ல. எழுதுபவர் யாரென்று தெரியாத திறந்த வெளியில் அதைத் தரவரிசைக்கு வைத்ததே பழுது.

தேடலில் மதிப்பிழந்த பிறகும் நீதிமன்றத்தில் இந்த டேக் உயிரோடிருந்தது. 1999 ஏப்ரலில் புரூக்ஃபீல்டு வழக்கில் அமெரிக்க ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், பிறர் வணிகக் குறியை மெட்டா டேக்கில் எழுதுவது தன் கடைக்கு முன்னால் பிறர் பெயர்ப்பலகையை நடுவது போன்றது என்று கண்டது. 2002இல் டெரி வெல்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம், தம்மைச் சரியாக விவரிக்கப் பிறர் குறியை அங்கே எழுதுவதை அனுமதித்தது. இன்றைய தேடுபொறிகள் மெட்டா டேக்குகளை ஏறத்தாழப் பயன்படுத்துவதே இல்லை என்பதை விஸ்கான்சினின் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பில் எழுதியது 2008இல்தான். கட்ஸின் 2009 அறிவிப்பும், ஒருவர் பெயரை மற்றவர் தன் டேக்கில் எழுதும் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டே தொடங்கியது. பத்து ஆண்டுகளாக, பல தேடுபொறிகள் படிக்காத வரிகளுக்காகத் தளம் நடத்துவோர் ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்து வந்தார்கள். எஸ்.இ.ஓ. வரலாறுகளில் இது அடிக்குறிப்பாகக்கூட வராதது பெரிய குறை.

டேக்கை ஸ்பேமின் கருவியாக மட்டும் பார்ப்பது வேறொன்றையும் மறைக்கிறது. யூனிகோடுக்கு முன் தமிழ்த்தளங்கள் டிஸ்கி, டாம், டாப் எனப் பல குறியாக்கங்களில் எழுதப்பட்டன. பக்கத்திலிருந்த தமிழ், தேடுபொறிக்குப் பொருளற்ற லத்தீன் எழுத்துகளாகவே தெரிந்தது. அத்தகைய பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிய குறிச்சொல்லும் விளக்கமும் ஏமாற்று வேலை அல்ல. பக்கத்தின் பொருளைப் பொறிக்குச் சொல்ல இருந்த சில வழிகளில் ஒன்று. ஆர்.எஃப்.சி. 1866 சொன்ன அடையாளம் காணலும் பட்டியலிடலும் இதுவே.

இன்றைய வாட்விக் (WHATWG) எச்.டி.எம்.எல். தரத்திலும் குறிச்சொற்கள் இடம்பெற்றுள்ளன. காற்புள்ளியால் பிரித்த சொற்களின் தொகுதி என்பது அதன் வரையறை. பல தேடுபொறிகள் இதைக் கருத்தில் கொள்வதில்லை என்ற குறிப்பு அதன் கீழ் இருக்கிறது. தேடல் முடிவில் பக்கத்தின் சுருக்கமாக இன்றும் காட்டப்படக்கூடிய 'டிஸ்கிரிப்ஷன்' டேக் இதன் உடன்பிறப்பு. படிப்பவர் கண்ணுக்கு வருவதால் அதன் நிலை வேறு. தீராமல் நிற்பது 1995 மார்ச்சுக்கும் 1996 ஏப்ரலுக்கும் இடைப்பட்ட ஓராண்டு. அக்காலத்தில் இன்ஃபோசீக்கும் ஆல்ட்டாவிஸ்டாவும் தளப் பொறுப்பாளர்களுக்குத் தந்த உதவிப்பக்கங்களின் தேதியிட்ட படிகள் கிடைத்தால், 'நேம்' வடிவத்தை முதலில் கேட்டது எது என்று சொல்ல முடியும். அதுவரை, சல்லிவன் முடிவு சொல்லாமல் விட்ட கேள்வியை அப்படியே விடுவதுதான் முறை.