கத்தி நின்ற விளிம்பு

மாமல்லபுரத்துப் பாறைகளைச் சாம்பல் நிறமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் அவற்றைச் செதுக்கிய பல்லவருக்கு வண்ணம் அயலானதன்று. மகேந்திரவர்மன் சூடிக்கொண்ட பட்டங்களுள் ஒன்று ‘சித்திரகாரப்புலி’. காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சிற்றறைகளில் அவர்கள் காலத்து ஓவியம் இன்றும் திட்டுத்திட்டாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடற்கரையில் உப்புக்காற்று கல்லை மட்டும் விட்டுவைத்தது.

ஓவியர் கே.எம். ஆதிமூலத்தையும் நாம் பாதிதான் பார்த்தோம். பெயரைச் சொன்னதும் கறுப்பு மசிதான் நினைவுக்கு வருகிறது: 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த காந்திகள், மகாராஜாக்கள், எழுத்தாளர் கி.ரா.வின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்குப் போட்ட படங்கள். அந்தப் புகழே அவருடைய எண்ணெய் வண்ணங்களுக்குத் திரையாகிவிட்டது என்பது என் எண்ணம்.

1938இல் துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் 1966இல் படிப்பை முடித்தார். அதே ஆண்டுதான் அக்கல்லூரியின் முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். வரைகோட்டை நம்பிய தலைமுறை அவருடையது.

அப்படிப்பட்டவர் எழுபதுகளுக்குப் பின் மெல்ல உருவங்களை விட்டு, நிலமோ நீரோ வானோ என்று மயங்க வைக்கும் வண்ணப் பரப்புகளுக்குப் போனார். மசியில் இட்ட கோடு இட்டதுதான், நொடியில் காய்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் நீரைப்போல உலர்வதில்லை. காற்றின் ஆக்ஸிஜனை உறிஞ்சி, நாள்கணக்கில் மெல்ல இறுகும். அதுவரை வழித்தெடுக்கலாம், மேலே ஏற்றலாம். வண்ணக்கத்தியால் இழுத்தால் அடிப்பூச்சு எட்டிப்பார்க்கும். அவசரமும் ஆகாது. எண்ணெய் மிகுந்த பூச்சின்மேல் எண்ணெய் குறைந்ததை ஏற்றினால் மேலது முந்திக் காய்ந்து வெடித்துவிடும். நொடியில் முடிவெடுத்துப் பழகிய கைக்கு இந்தக் காத்திருப்பு புதுப் பாடமாக இருந்திருக்கும்.

கோட்டைக் கைவிட்டார் என்பாருக்கு நான் உடன்படேன். அவருடைய கித்தானில் ஒரு நிறம் இன்னொன்றைத் தொட்டு நிற்கும் விளிம்பைக் கவனியுங்கள். தூரிகையால் வரைந்ததன்று அது. வண்ணக்கத்தி நின்ற இடம். எங்கே நிறுத்துவது என்று அந்தக் கைக்குச் சொன்னது மசிக்கோட்டின் பழக்கமேயன்றி வேறென்ன?

2008 ஜனவரியில் அவர் மறைந்தார். 1997இல் வந்த அவருடைய கோட்டோவியத் தொகுதியின் காலவரையறை 1962 முதல் 1996 வரை. வண்ணத்தில் மூழ்கிய ஆண்டுகளும் அதற்குள் அடங்கும்.